ஆடி இருபத்துநான்கு

1 ஜூலை 2024, திங்கள் (ஆனி 17)

பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்ன பெண் பதினொன்றுக்கு மேல் வந்தாள். சாலையில் நெரிசலாம். நெரிசல் இந்த மறைமலை நகருக்கு இன்று காலைதான் வந்து இறங்கியதுபோல் பேசினாள்.

பெயர் நிவாஷினி. 30.5.2009 வரை நான் பர்சனல் ஆபீசராக இருந்த தொழிற்சாலையில் (பணி நிறைவு நாளான 31 ஞாயிற்றுக்கிழமை) இப்போது இவள் மனிதவளத் தலைவர். மனிதரை வளம் என்று அழைக்கும் வழக்கம் என் காலத்தில் இல்லை. அச்சொல் நிலக்கரியோடு நின்றிருந்தது.

விஷயம் இது. தொழிற்சாலை கார் எஞ்சினுக்கு ரப்பர் குழாய் செய்கிறது. எஞ்சினே இல்லாத மின்சாரக் காருக்குக் குழாய் எதற்கு என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். ஆகவே நிரந்தரத் தொழிலாளர் நாற்பது பேர் செப்டம்பருக்குள் வெளியேற வேண்டும். விருப்ப ஓய்வு, இல்லையேல் குஜராத் கிளைக்கு மாற்றல். குஜராத்துக்கு எவனும் போகமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் முதலாவதற்கு 'விருப்பம்' என்று பெயர்.

நாற்பது பேரைத் தேர்ந்தெடுக்க நியாயமான விதி வகுப்பதும், அவர்கள் வீடுகளுக்கு நேரில் சென்று பக்குவமாகச் சொல்வதும் என் பணி. ஆலோசகர் என்று பதவி.

"நீங்க சொன்னா கேப்பாங்க சார். இந்த ஊர்ல உங்க வார்த்தையிலதான் கல்யாணமே நிச்சயமாகுதாமே" என்றாள்.

உண்மைதான். எங்கள் தொழிற்சாலைப் பையனுக்குப் பெண் கொடுப்பவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். ஜாதகம் பிறகு, பையன் பர்மனென்டா என்பது முன்னால். ஓய்வு பெற்றபின்னும் வருகிறார்கள். ஒருவரிடமும் இதுவரை நான் பொய் சொன்னதில்லை.

சம்மதித்தேன். நான் மறுத்தால் இந்தப் பெண் கம்ப்யூட்டரைக் கேட்டு நாற்பது பேரைப் பொறுக்குவாள்.

4 ஜூலை, வியாழன் (ஆனி 20)

விதிகளை முடித்தேன். ஒரு முழுக் காகிதம்கூட ஆகவில்லை. தெளிவான மூளைக்கு அவ்வளவு போதும்.

முதல் விதி: மணமாகாதவர் முதலில். பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் சோற்றில் கைவைப்பது பாவம். இதில் முப்பத்தொரு பேர் வருகிறார்கள். இரண்டாம் விதி: எஞ்சிய ஒன்பது இடங்களுக்கு, ஓய்வு பெற இரண்டாண்டுக்குள் உள்ளவர்கள், வயதில் மூத்தவர் முதலாக.

மணமானவரா இல்லையா என்பதை எந்தத் தேதியில் கணக்கிடுவது என்ற கேள்வி எழுந்தது. நிவாஷினி செப்டம்பர் 15 என்றாள். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத தலைமுறை. ஆவணி முழுவதும் முகூர்த்தம். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவசரத் தாலி கட்டும் அயோக்கியர்கள் கிளம்பிவிடுவார்கள். நான் ஆகஸ்ட் 9 என்றேன். ஆடி 24. செய்தி இவர்களுக்கு எட்டும்போது ஆடி வாசலில் வந்து நிற்கும். ஆடியில் தாலி கட்டும் துணிச்சல் இந்த மாவட்டத்தில் எவனுக்கும் கிடையாது.

"சூப்பர் சார், தப்பிக்க வழியே இல்ல" என்றாள் அவள். அந்த ஆங்கிலச் சொல் தேவையில்லை. கருத்து சரி.

5 ஜூலை, வெள்ளி

இஸ்திரிக்காரர் வேட்டியின் கரையில் மஞ்சள் கறை போட்டுவிட்டார். அவர் வண்டியருகே ஆனைமுத்து நின்றிருந்தார். தொழிற்சங்கச் செயலாளர், பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். நான் பணியிலிருந்த காலமெல்லாம் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என் தேநீரைக் குடித்துக்கொண்டே என்னை முதலாளியின் எடுபிடி என்று சொன்னவர். கோடையிலும் கறுப்புச் சட்டை. புரோகிதர் இல்லாமல், வேண்டுமென்றே ராகு காலத்தில், ஊராருக்குக் கல்யாணம் நடத்திவைப்பது அவரது பொழுதுபோக்கு.

"திரும்பவும் கம்பெனி கார்ல போறீங்களாமே சார். ஏசி நல்லா வேலை செய்யுதா?" என்று உரக்கக் கேட்டார். நான் இஸ்திரிக்காரரிடம் கறையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன்.

14 ஜூலை, ஞாயிறு (ஆனி 30)

இதை விவரமாக எழுதவேண்டியிருக்கிறது.

முதல் வீடாகத் தணிகாசலம் வீட்டைத் தேர்ந்தேன். வார்ப்புப் பிரிவு; வயது முப்பத்துநான்கு; மணமாகாதவன். ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்து, இரண்டு ஆண்டுக்கு முன்புதான் நிரந்தரமானவன். தந்தை இல்லை. தாய் பவுனம்மாள். தொலைபேசியில், "ஞாயிறு நாலு மணிக்கு ஒரு விஷயமாகப் பேச வருகிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

வாசலில் கோலம் புதிதாக இருந்தது. மாலை நான்கு மணிக்குக் கோலம். உள்ளே புதிய பாய், இரவல் நாற்காலி, ஊதுபத்தி. தணிகாசலம் மடிப்புக் கலையாத சட்டையில் தலைக்கு எண்ணெய் தடவி நின்றான். இந்த வீட்டில் இழவுச் செய்தியைக்கூட அலங்காரத்தோடு வரவேற்பார்கள் போலும் என்று எண்ணினேன். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தபிறகே புரிந்தது.

மதுராந்தகத்தில் ஒரு பெண்வீட்டார் இவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். 'கம்பெனிப் பெரியவர் ஒருவரிடம்' கேட்டுக்கொண்டு பதில் சொல்வதாகச் சொன்னார்களாம். கம்பெனிப் பெரியவர் என்றால் இந்த ஊரில் நான்தான். அந்தப் பெண்ணுக்காகப் பையனைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள் அந்த அம்மாள்.

"பீடி சிகரெட்டு ஒண்ணும் கெடையாதுங்க சார். சம்பளக் கவரப் பிரிக்காம எங்கிட்ட குடுத்த பையன். இப்ப பேங்க்ல போடறாங்க, இல்லன்னா இப்பவும் குடுப்பான். இதுக்கு முன்ன ஆறு எடம் வந்துச்சு. கான்ட்ராக்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்பதான் பர்மனென்ட்டுன்னு தலை நிமிந்து நிக்கிறோம். நீங்க ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லிடுங்க சார்."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்துநான்கு வயதில் வெட்கம். பார்க்கச் சகிக்கவில்லை.

கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு ஒருவனிடம் வேலை போகிறது என்று சொல்லும் முறை எனக்குத் தெரியாது. கேசரியில் நெய் குறைவு; முந்திரி இல்லை. இரண்டையும் குறிப்பிடாமல் உண்டேன். "இன்றைய தேதியில் பையன் பர்மனென்ட்தான்" என்றேன். 'இன்றைய தேதியில்' என்பதை அந்த அம்மாள் கவனிக்கவில்லை. காலில் விழுந்தாள்.

மீதி வீடுகளுக்கு இன்று போகவில்லை.

18 ஜூலை, வியாழன் (ஆடி 2)

எதிர்பார்த்தது நடந்தது. மதுராந்தகத்திலிருந்து பெண்ணின் தந்தை ஏகாம்பரம் வந்தார். உரக்கடைக்காரர். உட்காரச் சொல்வதற்கு முன் உட்கார்ந்தார். பெண் முப்பது வயது, மருத்துவமனை ஒன்றில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். ஆவணி 14, வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறித்தாயிற்றாம்.

"ஒரே கேள்விதான் சார். பையன் பர்மனென்ட்டுதானே? நீங்க ஆமான்னா நான் பஸ் ஏறிடுவேன்."

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அலுவலக ரகசியம் வெளியே போய்விடும். அதோடு தணிகாசலத்துக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை. செவ்வாயன்று நானே மதுராந்தகம் வந்து பதில் சொல்கிறேன் என்றேன்.

"நீங்களே யோசிக்கிறீங்கன்னா அதுலயே பதில் இருக்கே சார்" என்று எழுந்தார். உரம் விற்பவருக்கு இவ்வளவு கூர்மை தேவையில்லை.

19 ஜூலை, வெள்ளி

நிவாஷினியிடம் தணிகாசலத்தின் பெயரை நீக்கச் சொன்னேன். திருமணம் நிச்சயமாகிறவனை மணமாகாதவன் என்று கொள்வது விதியின் நோக்கத்துக்கு முரண் என்று விளக்கினேன். அவள் தன் மடிக்கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல் பேசினாள்.

"சார், ரூல் உங்களோடது. ஒருத்தருக்கு மாத்தினா முப்பத்தொரு பேரும் வந்து நிப்பாங்க. ஒன்பதாம் தேதிக்குள்ள அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டா பேரு தானா வெளிய வந்துடும். ஆனா அது ஆடி ஆச்சே." இங்கே சிரித்தாள். "அப்படி வந்தாலும் நாற்பது நாற்பதுதான். வயசுல அடுத்தவர் உள்ள வருவார். யாருன்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும் என்று அவள் எண்ணிக்கொள்வது அவள் உரிமை. வயது வரிசையில் பத்தாவதாக நிற்பவர் யார் என்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

23 ஜூலை, செவ்வாய் (ஆடி 7)

மதுராந்தகம். பேருந்தில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை.

ஏகாம்பரத்திடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆகஸ்ட் 9-க்குள் மணமாகியிருந்தால் வேலை நிற்கும், இல்லையேல் போகும். அவர் இதைத் தன் மூளைக்குள் இறக்கிக்கொள்ள நெடுநேரம் பிடித்தது.

"பர்மனென்ட்டா இருந்தாத்தான் நான் பொண்ணு குடுப்பேன். நான் பொண்ணு குடுத்தாத்தான் அவன் பர்மனென்ட்டு. இன்னா சார் கம்பெனி இது? எந்தக் கிறுக்கன் போட்ட ரூல் இது?"

விதியை வகுத்தவர் யார் என்ற தகவல் அவருக்குத் தேவையற்றது, தரவில்லை.

பிறகு அவர் ஆடியைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தார். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை, குடும்பத்துக்கு ஆகாது என்றார். ஆடியில் பதிவு மட்டும், பெண் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆவணியில் நீங்கள் குறித்த முகூர்த்தத்தில் முறைப்படி நடத்துங்கள் என்றேன். இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வரும் என்று என் தகப்பனார் நினைத்திருக்கமாட்டார். ஏகாம்பரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது ஆமோதிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை.

அப்போது பெண் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். பெயர் யமுனாதேவி. கையில் தலைக்கவசம். எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள்.

"அப்பா, எனக்கு முப்பது வயசாச்சு. இனிமே ஆடி என்ன, ஆவணி என்ன? தேதியச் சொல்லச் சொல்லுங்க, அரை நாள் பர்மிஷன் போடணும்." என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு இந்த ரூல் விஷயம் தெரியுமா சார்?"

தெரியாது என்றேன்.

"அத மொதல்ல சொல்லுங்க. அவரு வேலைக்காகக் கட்டிக்கிட்டாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. தெரிஞ்சே கட்டிக்கட்டும்."

மரியாதை தெரியாத பெண். சொன்னது சரி.

24 ஜூலை, புதன்

தணிகாசலத்திடம் சொன்னேன். அழுதான். ஆண்பிள்ளை அழுவதைப் பார்ப்பதற்கு எனக்குக் கம்பெனி படி கொடுக்கவில்லை.

29 ஜூலை, திங்கள் (ஆடி 13)

ஆடியில் தாலி கட்ட எந்தக் கோயிலும் ரசீது தராது. எந்தப் புரோகிதரும் வாய் திறக்கமாட்டார். திருமணம் நடந்ததாக ஆதாரம் இல்லாமல் சார்பதிவாளர் பதிவு செய்யமாட்டார். மாதம் பார்க்காமல் கல்யாணம் நடத்துகிறவர் இந்த ஊரில் ஒருவர்தான். ஆகவே சங்க அலுவலகத்துக்குப் போனேன். டயர் கடைக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை. மாடிப்படியில் கைப்பிடி இல்லை. முப்பது ஆண்டுச் சந்தாவில் ஒரு கைப்பிடி வாங்கத் துப்பில்லாத சங்கம்.

ஆனைமுத்து முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். இதுவே முதல் தடவை. பிறகு சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஆடியில எவனும் தாலி கட்ட மாட்டான்னு தேதி போட்டவரு, ஆடியில தாலி கட்டி வைக்கச் சொல்லி எங்கிட்ட வந்திருக்கீங்க."

தேதி போட்டவர் யார் என்று நான் சொல்லவேயில்லை. அந்த அளவு புத்திசாலித்தனமான விதியை நிவாஷினி எழுதியிருக்கமுடியாது என்று தெரிந்துகொண்டாராம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

"இவன் வெளிய வந்துட்டா அந்த எடத்துக்கு யாரு சார்?"

அது அலுவலக ரகசியம் என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். ஜூன் மாதத்தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

"சரி சார். எட்டாந் தேதி வியாழக்கிழமை வெச்சுக்கலாம். ஒண்ணரையிலருந்து மூணு ராகு காலம். ரெண்டு மணிக்கு வெச்சுக்குவோம், உங்களுக்காக."

8 ஆகஸ்ட், வியாழன் (ஆடி 23)

நடந்தது.

தகரக் கொட்டகையில் ஒன்பது பேர். மாலைகளில் பாதி சம்பங்கி வாடியிருந்தது. ஏகாம்பரம் கடிகாரத்தையும் கூரையையும் மாறிமாறிப் பார்த்தார். மூன்று மணிக்குள் கூரை விழும் என்று நம்பினார்போலும். ஆனைமுத்து இருவரையும் நிறுத்தி, ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லச் சொன்னார். தணிகாசலத்துக்கு இரண்டு வரி மனப்பாடம் இல்லை, யமுனாதேவி எடுத்துக்கொடுத்தாள். மாலை மாற்றிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது என்றதும் பவுனம்மாள் முந்தானையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தாள்.

நாத்திகர் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார் என்று எதிர்பார்த்தேன். "கட்டட்டும்மா, கயிறுதானே, கழுத்த ஒண்ணும் பண்ணாது" என்று ஒதுங்கிக்கொண்டார். கொள்கையில் இவ்வளவுதான் உறுதி.

சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சியாக நான் கையெழுத்திட்டேன், தேதியோடு. எனக்குக் கீழே ஆனைமுத்து. என் கையெழுத்தின் வாலை மிதித்துக்கொண்டு போட்டார். பெண் அங்கிருந்தே ஸ்கூட்டரில் ஏறி மாலை ஷிப்டுக்குப் போய்விட்டாள், கயிற்றைச் சட்டைக் காலருக்குள் விட்டுக்கொண்டு.

9 ஆகஸ்ட், வெள்ளி (ஆடி 24)

பதிவுச் சான்றிதழை நிவாஷினியின் மேசையில் வைத்தேன். தேதியை இருமுறை பார்த்தாள். "ஆடியிலயா சார்? யாரு பண்ணி வெச்சாங்க?" சொன்னேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அவரா? அவரா சார்?" என்றாள். "அவருக்குத் தெரியுமா?"

சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்பதை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். செல்லும் என்றாள். ஒரு பெயர் வெளியே வந்தது, ஒரு பெயர் உள்ளே போனது. நாற்பது நிறைந்தது.

10 ஆகஸ்ட், சனி

எழுத ஒன்றுமில்லை. குடிநீர் வடிகட்டியின் திரியை மாற்றினேன். பழைய திரியையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். எதற்கென்று தெரியவில்லை.

21 ஆகஸ்ட், புதன் (ஆவணி 5)

கடிதங்கள் இன்று கொடுக்கப்பட்டன. மாலையில் ஆனைமுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்லவேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன்: விதி பொதுவானது, ஆளைப் பார்த்து எழுதப்பட்டதன்று, பதினான்கு மாதம் கழித்து எப்படியும் ஓய்வுதான்.

அவர் கேட்டது வேறு. ஓய்வூதிய மனுவில் பிறந்த தேதியைப் பள்ளிச் சான்றின்படி எழுதவேண்டுமா, ஆதாரின்படியா என்று கேட்டார். பள்ளிச் சான்றின்படி என்றேன். பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றேன்.

"எனக்கு முன்ன பொறந்தவன் எத்தன பேரு கம்பெனியில இருக்கான்னு எனக்குத் தெரியாதா சார்? ஒவ்வொருத்தனுக்கும் சந்தா வாங்கினவன் நான்."

"அப்படியானால் அன்று சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்." சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "நல்ல விதிதான் சார் எழுதினீங்க. எழுதின நாளுதான் சரியில்ல போல. பஞ்சாங்கம் பாத்திருக்கணும்."

நக்கல். கடைசிவரை நக்கல். தியாகம் செய்துவிட்டதாக எண்ணம். கேட்டால் அதையும் ஒத்துக்கொள்ளமாட்டார். இப்படிப்பட்டவர்கள் பிறருக்குக் கொடுக்கும் தொல்லை சொல்லி முடியாது. தெருமுனையில் திரும்பும்வரை அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைத் தேய்த்து நடக்கும் பழக்கம் உண்டு. இத்தனை காலத்தில் நான் கவனித்ததில்லை.

26 ஆகஸ்ட், திங்கள்

அடுத்த சுற்றில் இன்னும் இருபத்தைந்து பேராம். நிவாஷினி புதிய விதி கேட்டு இருமுறை தொலைபேசியில் அழைத்தாள். எடுக்கவில்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி (ஆவணி 14)

சிங்கப்பெருமாள்கோவில் அருகே ஒரு முருகன் கோயில் மண்டபத்தில் தணிகாசலத்தின் 'முறையான' திருமணம். நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டுதான் வாசித்தார். ஏகாம்பரம் எல்லாரிடமும், "மாப்பிள்ள பர்மனென்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உரமூட்டைமேல் இருக்கும் முத்திரைபோல. என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, முதல் பந்தியில் முதல் இலை எனக்கு என்றார்கள்.

ஆனைமுத்துவைக் காணவில்லை. பவுனம்மாளிடம் கேட்டேன்.

"அவரு சாமி இல்லன்றவரு, கோயிலுக்கு வருவாருங்களா சார்? அதான் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுவுமில்லாம, இப்பதான் வேலை போயிருக்கு. நல்லது நடக்கற எடத்துல... நீங்க தப்பா நெனைக்காதீங்க."

மணவறையிலிருந்த தணிகாசலத்தைப் பார்த்தேன். அவன் காதில் விழுந்திருக்கிறது. ஓமப்புகையில் கண்ணைக் கசக்கினான். யமுனாதேவி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை பிடித்திருந்தது; அந்த வீட்டில் இனி அவன் அவ்வளவு எளிதாகக் கண்ணைக் கசக்கமுடியாது.

அவன் தாலி கட்டியதும் நான் எழுந்தேன். இலை போட்டாயிற்று என்று பின்னாலேயே ஓடிவந்தார்கள். சாம்பார் அடிப்பிடித்திருக்கிறது, வாசனை இங்குவரை வருகிறது என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன்.

ஆனைமுத்துவின் வீடு காட்டாங்கொளத்தூர் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. முப்பது ஆண்டுகளில் இன்றுதான் முதன்முறையாகப் போனேன். பனியனோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழவில்லை.

"இன்னா சார், கல்யாணச் சாப்பாடு தீந்துபோச்சா?"

ஆமாம் என்றேன். பொய்தான். எழுதிவைக்கிறேன்.

அவர் மனைவி கோசலை நாற்காலி தேடினார். வேண்டாம் என்று ஆனைமுத்துவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆனைமுத்து இடதுகையால் என் தோளைப் பிடித்து இறக்கிவிட்டார். அதிலும் நக்கல் இருந்திருக்கலாம். ரயில் ஒன்று போனது. தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. நான் சைவன் என்று கோசலைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனைமுத்து அப்போதுதான் பதறினார். பதறி அவரை நான் பார்த்ததேயில்லை. தட்டு மாறி, வெறும் ரசம் வந்தது.

உப்பு அதிகம் என்றேன்.

கோசலை இரண்டாம் முறை ஊற்றினார். நான் மீதம் வைக்கவில்லை.